எட்டடிப் படகுக்கு இரண்டு பிளைவுட் பலகை

மரவேலை தெரியாதவன் வீட்டில் படகு கட்ட முடியுமா என்று கேட்டால், தாராளமாக முடியும் என்பேன். ஜிக்சாவும் டிரில்லும் பிடிக்கத் தெரிந்தால் போதும். சின்னப் படகில் கஷ்டமான பகுதி மரம் இல்லை, பசை. தாம்பரம் பக்கம் எங்கள் வீட்டு கார் ஷெட்டில் நான் கட்டியது எட்டடிக்குக் கொஞ்சம் குறைவான துடுப்புப் படகு. அடுத்து ஆரம்பிக்கிறவர்களுக்கு எது முக்கியம், எதற்கு அலட்டிக்கொள்ள வேண்டாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வரைபடத்தை நீங்களே போட வேண்டாம். காசு கொடுத்து வாங்குங்கள். மொத்தச் செலவில் அது பெரிய தொகை இல்லை. முதல் படகுக்குத் தைத்து ஒட்டும் முறைதான் தோது. பிளைவுட்டில் பாகங்களை வெட்டி, ஓரத்தில் துளை போட்டு, செம்புக் கம்பியால் இழுத்துக் கட்டி, மூட்டுகளை எபாக்ஸி என்ற இரண்டு பாகப் பசையால் நிரப்பி, மேலே கண்ணாடி இழை நாடா ஒட்டுகிறோம். ஏரா (அடிமரம்) போட்டு வங்கு (விலா மாதிரியான குறுக்குச் சட்டங்கள்) நிறுத்திப் பலகையை வளைக்கும் வேலையெல்லாம் இல்லை. 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஜாக் ஹோல்ட்டும் பாரி பக்னெல்லும் வடிவமைத்த ‘மிரர்’ பாய்ப்படகு இந்த முறையில் வந்ததுதான். அதில் 70,000க்கு மேல் கட்டப்பட்டிருக்கின்றன, ஏராளமானவை சாதாரண ஆட்களின் வீட்டிலேயே. நம் கரைக்கும் தையல் புதிதில்லை. மெட்ராஸில் துறைமுகம் வருவதற்கு முன்பு கப்பலிலிருந்து ஆட்களை அலை தாண்டிக் கரை சேர்த்த மசூலாப் படகுகளில் ஆணி கிடையாது. பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள், அலை மோதும்போது உடையாமல் வளைந்துகொடுக்கும். அந்தத் தையல் படகோடு இருப்பது. நாம் போடுவது பசை காயும்வரைதான்.

நீளம் எட்டடிக்குள் இருக்கட்டும், அணியம், அதாவது முன்முனை, கூராக இல்லாமல் தட்டையாக இருக்கட்டும். பிளைவுட் 8க்கு 4 அடியில் வருவதால் ஒட்டுப் போடாமல் வெட்டிவிடலாம். குழந்தைகள் பாய்விடப் பழகும் ‘ஆப்டிமிஸ்ட்’ படகை 1947இல் புளோரிடாவில் கிளார்க் மில்ஸ் இதே கணக்கில்தான் வடிவமைத்தார்: இரண்டு பிளைவுட், தட்டை மூக்கு. இதைவிட நீளம் வேண்டுமென்றால் 6 மி.மீ. பலகையின் முனையை 48 மி.மீ. சரிவாகச் சீவி ஒட்ட வேண்டும். செய்யக்கூடியதுதான், ஆனால் அதை இரண்டாவது படகுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், கேட் அகலத்தை அளந்துவிடுங்கள். சிரிக்காதீர்கள், மொட்டை மாடியில் கட்டலாம் என்று முதலில் சொன்னவர்கள் எங்கள் வீட்டிலேயே இருந்தார்கள்.

பிளைவுட் வாங்கும்போது மரைன் பிளைவுட்டுக்கான ஐ.எஸ். 710 முத்திரை பாருங்கள். சாதாரண பிளைவுட்டுக்கான 303 போதாது. முத்திரை இருக்கிறதே என்று அதோடு விடாமல் ஓரத்தையும் பாருங்கள். நடு அடுக்குகளில் பொந்து தெரிந்தால் அந்தப் பலகை வேண்டாம். விரல் முட்டியால் தட்டினால் உள்ளே வெற்றிடம் இருக்கும் இடம் வேறு மாதிரி ஒலிக்கும். கடையில் ஒரு துண்டு கேட்டு வாங்கி வேகவைத்துப் பாருங்கள். தரச்சோதனையில் 72 மணி நேரம் கொதிக்க விடுவார்கள். வீட்டில் சில மணி நேரம் கொதித்தாலே மட்டமான பலகை அடுக்கு அடுக்காகப் பிரிந்துவிடும். இதற்கு ஒரு பழைய பாத்திரத்தை ஒதுக்கிவிடுங்கள், மறுபடி சமையலறைக்குள் போகக் கூடாது.

வெட்டுவது சீக்கிரம் முடிந்துவிடும். இடது, வலது பக்கப் பாகங்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்து கிளாம்ப் போட்டுச் சேர்த்து வெட்டினால் இரண்டும் ஒரே மாதிரி வரும். 15 செ.மீ.க்கு ஒரு துளை, ஓரத்திலிருந்து 1 செ.மீ. உள்ளே. கட்டிட வேலைக்கான கட்டுக்கம்பி வேண்டாம், உள்ளே ஒரு துண்டு தங்கினாலும் துருப்பிடிக்கும். பழைய வயரிங் கம்பியின் செம்பு நல்லது. முறுக்கு வெளிப்பக்கம் இருக்கட்டும்.

தைத்து முடிந்ததும் தட்டையாகக் கிடந்த பலகை திடீரென்று படகாக நிற்கும். அந்த உற்சாகத்தில் உடனே பசை கலக்கத்தான் கை போகும். போக விடாதீர்கள். படகு நேராக இருக்குமா கோணலாக இருக்குமா என்பது இந்தக் கட்டத்தில்தான் முடிவாகிறது. முன்மூலையிலிருந்து எதிர்ப் பின்மூலைக்கு டேப் பிடித்து இரண்டு குறுக்களவும் ஒன்றா என்று பாருங்கள். முன்னால் ஒரு நேரான ரீப்பர், பின்னால் ஒரு ரீப்பர் குறுக்கே வைத்து, கொஞ்சம் தள்ளி நின்று ஒற்றைக் கண்ணால் பாருங்கள். இரண்டும் இணையாகத் தெரியாவிட்டால் படகு முறுக்கியிருக்கிறது. ஒரு மூலைக்கடியில் கட்டை கொடுத்தோ, சில கம்பிகளைத் தளர்த்தியோ சரிசெய்யலாம். எபாக்ஸி காய்ந்தபிறகு ரம்பம்தான் வழி.

இனி பசை. ஃபைபர் படகுக்காரர்கள் வாங்கும் கடையில் ‘ரெசின்’ என்றால் பாலியெஸ்டரை எடுத்துக் கொடுப்பார்கள். முழு ஃபைபர் படகுக்கு அது சரி, மரத்தில் நாளாக ஆக உரியும். எபாக்ஸி என்று சொல்லிக் கேளுங்கள். நம்மூரில் சுலபமாகக் கிடைக்கும் எல்.ஒய். 556 ரெசினுக்கு, அதை இறுக வைக்கும் ஹெச்.ஒய். 951 ஹார்டனர் எடையில் நூறுக்குப் பத்து. சீக்கிரம் காயட்டும் என்று ஹார்டனரைக் கூட்டினால் காயாது, பிசுபிசுவென்றே நிற்கும். ஐம்பது கிராம் ரெசினுக்கு ஐந்து கிராம்தான் என்பதால் சமையல் தராசு ஒரு கிராம் பிசகினாலே ஐந்தில் ஒரு பங்கு போச்சு. 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு வாங்கிக்கொள்ளுங்கள்.

சென்னை வெயிலில் கப்பில் வைத்த கலவை கொதித்துப் புகையே வரும். கலக்கியவுடன் அகலமான தட்டில் ஊற்றிப் பரப்பினால் சூடு வெளியேறி நேரம் கிடைக்கும். பூச்சு வேலையைச் சாயங்காலம் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் பூசினால் வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து, பூச்சில் குமிழ் குமிழாகக் கிளம்பும். மாலையில் மரம் குளிரும்போது அதே மரம் ரெசினை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஜனவரி முதல் மார்ச் வரை இந்த வேலைக்கு நல்ல காலம், ஐப்பசி கார்த்திகையில் தொடவே தொடாதீர்கள்.

மூட்டு நிரப்ப, ரெசினில் நைஸான மரத்தூளும் சிலிக்கா பொடியும் சேர்த்து வடை மாவுப் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். முதலில் தையல்களுக்கு இடையில் மட்டும் சிறு சிறு பொட்டாக வைத்துக் காயவிட்டு, கம்பிகளை உருவுங்கள். வர மறுக்கும் கம்பியின் நுனியில் சால்டரிங் அயர்னை வைத்தால் எபாக்ஸி இளகி வழிவிடும். பிறகு முழு மூட்டையும் நிரப்பி, கரண்டியின் முதுகால் ஒரே இழுப்பாக இழுத்து, ஈரமாக இருக்கும்போதே மூன்றங்குல நாடாவைப் பதியுங்கள். இப்படிச் செய்தால் உப்புத்தாள் தேய்ப்பு பாதியாகும். காய்ந்த எபாக்ஸியைத் தேய்ப்பது இந்த மொத்த வேலையிலேயே எனக்குப் பிடிக்காத ஒன்று.

கையுறை இல்லாமல் எபாக்ஸியைத் தொடாதீர்கள். அலர்ஜி ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுசுக்கும் விடாது. தோலில் பட்டால் தின்னர் வேண்டாம், சோப்பு போதும். தேய்க்கும்போது மாஸ்க் கட்டாயம். காய்ந்த பூச்சின்மேல் மெழுகு மாதிரி வழவழப்புப் படிந்தால் தண்ணீரும் ஸ்க்ரப்பரும் போட்டுக் கழுவிவிட்டுத்தான் தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த பூச்சு ஒட்டாது.

பெயின்ட் பற்றிச் சொல்ல அதிகமில்லை: வெளிர் நிறம் அடியுங்கள், கறுப்பும் கருநீலமும் வெயிலில் மரத்தைச் சுட்டுவிடும். இருக்கைகளுக்கு அடியில் மூடிய காற்றறைகள் வைப்பதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். 6 மி.மீ. பலகை ஒன்று ஏறத்தாழ 12 கிலோ. சட்டம், பசையெல்லாம் சேர்ந்து முடிந்த படகை இரண்டு பேர் தூக்கிவிடலாம், ஆனால் தண்ணீர் நிறைந்துவிட்டால் கதை வேறு.

வெள்ளோட்டத்துக்கு நான் போனது பழவேற்காடு. ஏரி பெரும்பாலும் ஆழமில்லாதது, கவிழ்ந்தால் எழுந்து நிற்கலாம். அங்கே மீன்பிடிக்கும் இடங்கள் பாடு முறைப்படி (ஆளுக்கு ஆள் முறை வைத்து) ஊர்க்காரர்களிடம் இருக்கின்றன, வலையும் கிடக்கும். எனவே கரையில் இறங்கியதும் எங்கே போகலாம், எங்கே கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்ட பெரியவர் வழி சொல்லிவிட்டு, படகைச் சுற்றி வந்து அடிப்பக்கத்தை விரலால் சுண்டிப் பார்த்தார். “பலகை ரொம்ப லேசா இருக்கேப்பா, கல்லு மேல இழுக்காதே” என்றார். சரியான பேச்சு. அடியில் நீளவாக்கில் இரண்டு தேக்கு ரீப்பர்களை ஒட்டிவிட்டேன். உங்கள் வரைபடத்தில் அவை இல்லாவிட்டால் பெயின்ட் அடிப்பதற்கு முன்பே ஒட்டிவிடுங்கள். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டே, கரையோரத்தில் வேண்டுமென்றே ஒருமுறை கவிழ்த்தும் பாருங்கள். காற்றறை கசிந்தால் அன்றே தெரிந்துவிடும்.