மண்டபம் கரையில் ஜப்பானிய மேசை: கடை நாட்குறிப்பு

ஜூன் 9

தடைக்காலம் முடியும் கட்டத்துக்கு வந்துவிட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. வள்ளத்திலும் தூண்டிலிலும் கிடைப்பதுதான் மீன். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று தென்கடலை, அதாவது மன்னார் வளைகுடாவைக் கலக்கிக்கொண்டிருப்பதால், பாக் நீரிணை இருக்கும் வடகடல் பக்கம்தான் வள்ளம் இறங்குகிறது.

மேசையில் உட்கார்ந்ததும் பலரும் கேட்பது, "இன்னைக்குப் பிடிச்ச மீனா?" "ஆமா சார், காலையில வந்தது" என்று பரிமாறுபவர் பெருமையாகச் சொன்னால் அந்தக் கடையில் பச்சை மீன் சாப்பிட வேண்டாம். புதுசு என்பது வேறு, பச்சையாகத் தின்ன ஏற்றது என்பது வேறு. கடல் மீனின் குடலிலும் சதையிலும் அனிசாகிஸ் என்ற புழு இருக்கலாம். மீன் எவ்வளவு புதுசோ, புழுவும் அவ்வளவு உயிரோடு இருக்கும். அதைக் கொல்ல மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் உறைய வைக்க வேண்டும். மைனஸ் 35 டிகிரிக்குப் போகிற பெட்டி இருந்தால், மீன் கல்லாக உறைந்த பிறகு 15 மணி நேரம் போதும். வீட்டு ஃப்ரிட்ஜின் உறைபெட்டி மைனஸ் 18ஐத் தாண்டாது, கதவைத் திறந்து மூடினால் அதுவும் நிற்காது. ஜப்பானிலேயே தொலைகடல் சூரையை மைனஸ் 60 டிகிரியில் உறைய வைத்துத்தான் கரைக்குக் கொண்டுவருகிறார்கள். உறைய வைத்த மீன் என்று சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சொல்லாமல் விடுவதுதான் தப்பு.

இன்றைய பலகையில் பச்சைக்குப் பாரையும் கடல்விராலும், இரண்டும் உறைபெட்டியிலிருந்து. வெந்ததற்கு இறாலும் நீலக்கால் நண்டும். ஒவ்வொரு மீன் பெயருக்குப் பக்கத்திலும் எப்போது உறைந்தது என்று தேதி. பலகையில் இல்லாததை வாயால் சொல்லி விற்கக் கூடாது.

ஜூன் 11

மிசோ என்கிற புளித்த சோயா விழுதில் செய்யும் சூப் சப்பென்று இருப்பதாகச் சொன்னால் முதலில் தண்ணீரைப் பார்க்க வேண்டும். நம் மாவட்டத்து நிலத்தடி நீர் உப்பும் கடினமுமானது. கொம்பு என்கிற கடற்பாசியை ஊற வைத்து எடுக்கும் சாறுதான் ஜப்பானியச் சமையலுக்கு அடிப்படை. கடின நீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து பாசியின் பசையோடு சேர்ந்து இறுகிவிடும், சாறு இறங்காது, மேலே நுரை கட்டும். கியோட்டோவின் தண்ணீர் மென்மையானது, அதனால்தான் அங்கே பாசிச் சாறு அவ்வளவு தெளிவு. கேன் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோதான் இங்கே சரிப்படும். சோற்றுக்கும் அதேதான்.

ஒரு லிட்டருக்கு 10 கிராம் கொம்பு. அரை மணி நேரம் ஊற விட்டு 60 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் வைத்து, கொதி வருமுன் எடுத்துவிட வேண்டும். கொதித்தால் வழவழப்பும் கசப்பும் இறங்கும். பிறகு சூட்டை ஏற்றி, அடுப்பை அணைத்து, கட்சுவோபுஷி என்கிற, புகையூட்டி உலர்த்திய சூரையைச் சீவி 25 கிராம் போட்டு, இரண்டு நிமிடத்தில் வடிகட்டலாம். சக்கையைப் பிழியக் கூடாது.

கட்சுவோபுஷி தீர்ந்துபோனால் மாசி இருக்கிறது. இரண்டும் சூரைதான். மாசி உப்பு நீரில் வெந்து, புகை பட்டு, வெயிலில் காய்வது. கட்சுவோபுஷியின் உயர்ந்த வகையை அதற்கும் மேலே பூஞ்சை ஏற்றி மாதக்கணக்கில் பதமாக்குவார்கள். ஆகவே மாசியில் உப்பும் கவிச்சியும் கூடுதல். 20 கிராமைக் கழுவி, உரலில் ஒன்றிரண்டாக இடித்து, ஒரு துண்டு இஞ்சியோடு ஐந்து நிமிடம் சிறு தீயில் விட்டு வடிகட்டினால் நல்ல சாறு கிடைக்கும். மிசோவைக் குறைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் கரித்துவிடும். கொம்பின் சுவைக்குக் காரணம் குளூட்டமேட் என்று 1908இல் இகேடா கிகுனாயே கண்டார். கட்சுவோபுஷியின் பங்கு இனோசினேட் என்று 1913இல் கொடாமா ஷிண்டாரோ சொன்னார். இரண்டும் சேரும்போது சுவை கூட்டலாக ஏறாது, பெருக்கலாக ஏறும். மாசியிலும் அந்த இனோசினேட் இருக்கிறது. நம் கரையில் தேங்காயோடு மாசி இடித்த சம்பலைத் தின்று வளர்ந்தவர்களுக்கு இந்தச் சாறு அந்நியமே இல்லை.

ஜூன் 12

நோரி, சுஷி சுருட்டும் கடற்பாசித் தாள். ஈரக்காற்றில் நிமிடங்களில் நமத்துப்போகும். காற்றுப் புகாத டப்பா, உள்ளே ஈரம் உறிஞ்சும் பொட்டலம், சுருட்டுவதற்கு முன் தணலுக்கு மேலே இரண்டு வீச்சு. கைச்சுருளை மேசையில் வைக்காமல் நேராகக் கையில் கொடுத்து, "உடனே சாப்பிடுங்க" என்று சொல்ல வேண்டும். போட்டோ எடுத்து முடிப்பதற்குள் அது ரப்பராகிவிடும்.

ஜூன் 14

கீழக்கரையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பெரியவர் முதலில் கேட்டது மீனைப் பற்றி இல்லை.

"தம்பி, இதுல மதுச் சேர்மானம் ஏதும் உண்டா?"

"டெரியாக்கி சாஸ்ல மிரின்னு அரிசில செஞ்ச இனிப்புச் சாறு வரும் காக்கா, அதுல மது இருக்கு. உங்களுக்கு மிரின் இல்லாம தனியா வேற சட்டியில செஞ்சு தர்றோம். சோயா சாஸும் புளிக்க வச்சதுதான், அதுலயும் கொஞ்சம் இருக்கும். வேண்டாம்னா உப்பும் எலுமிச்சையும் வைக்கிறோம்."

பதில் இப்படித்தான் முழுதாக இருக்க வேண்டும். அசல் மிரினில் மது 14 சதவீதம் அளவுக்கு உண்டு. இயற்கையாகப் புளித்த சோயா சாஸில் இரண்டு மூன்று சதவீதம் தானாகவே உண்டாகும். "கொதிக்கும்போது ஆவியாயிரும்" என்று சமாளிப்பது சேவை ஆகாது. அதை ஏற்பதா வேண்டாமா என்பது சாப்பிடுகிறவர் எடுக்க வேண்டிய முடிவு. மிரினுக்குப் பதில் மூன்று பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு சர்க்கரை போட்டால் மினுமினுப்பும் இனிப்பும் வந்துவிடும். நெடி மட்டும் கொஞ்சம் குறையும்.

ராமேஸ்வரம் தரிசனம் முடித்து வரும் சைவக்காரர்களிடம் இதைவிடக் கவனம் வேண்டும். மாவில் தோய்த்துப் பொரிக்கும் காய்கறி டெம்புராவின் தொட்டுக்கொள்ளும் சாற்றில் மீன் இருக்கும், டோஃபு மிதக்கும் மிசோ சூப்பிலும் இருக்கும். பட்டியலில் பச்சைப் புள்ளி வைத்தால் மட்டும் அது சைவமாகிவிடாது. கொம்பும் உலர்ந்த ஷீட்டாகே காளானும் ஊறிய சாற்றைத் தனிப் பானையில் வைக்க வேண்டும். காளானைக் குளிர்ந்த நீரில் இரவு முழுக்க ஊற விட வேண்டும், வெந்நீரில் போட்டால் சாறு கசக்கும். வறுக்கும் எண்ணெயும் தனி. இது முடியாத நாளில் "இன்னைக்குச் சைவம் இல்லைங்க" என்று வாசலிலேயே சொல்லிவிடுவது மரியாதை.

ஜூன் 16

முதல் விசைப்படகுகள் கரை சேர்ந்தன. இறால் குவிந்தது, விலை இறங்கியது. ஆனால் இழுவைமடியில் நசுங்கி வரும் மீன் சஷிமிக்கு, பச்சையாகச் சீவி வைக்கும் துண்டுக்கு, ஆகாது. நசுங்கிய இடத்தில் சதைக்குள் ரத்தம் கட்டி, வெட்டும்போது பழுப்புக் கோடாகத் தெரியும். பச்சைக்கு இன்னும் தூண்டில்காரர்தான் கதி.

அவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான்: மீன் வந்ததும் துடிக்க விடாமல் கண்ணுக்குப் பின்னால் மேலே மூளையில் ஒரு குத்து, செவுளுக்கடியில் ஒரு வெட்டு, பத்து நிமிடம் கடல்நீரில் தலைகீழாக ரத்தம் வடிய, பிறகு கடல்நீரும் ஐஸ்தூளும் கலந்த பெட்டியில். துடித்துச் சாகும் மீன் தன் சத்தையெல்லாம் எரித்து, சதையில் புளிப்பேற்றி, சீக்கிரம் விறைத்துத் தளர்ந்துவிடும். ஐஸ் உருகிய நல்ல தண்ணீரில் மீன் ஊறக் கூடாது, சதை வெளுத்துச் சவசவவென்று ஆகும். இப்படிச் செய்து தருகிறவருக்கு ஏலவிலையைவிடக் கூடுதலாகக் கொடுப்பது நியாயம். அந்தப் பத்து நிமிடத்தில் அவர் இன்னொரு மீன் பிடித்திருக்கலாம்.

கும்புளா (அயிலை), சூரை, சீலா (வஞ்சிரம்) மூன்றுக்கும் தனி எச்சரிக்கை. வெயிலில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் உண்டாகும். அதை உறைய வைத்தாலும் போகாது, வேகவைத்தாலும் போகாது. சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவக்கும், வாய் எரியும், தலை வலிக்கும். கரையில் வாங்கும் நேரத்திலிருந்து 4 டிகிரிக்குக் கீழேயே இருக்க வேண்டும். வெயிலில் எவ்வளவு நேரம் கிடந்தது என்று தெரியாத மீனை எந்த விலைக்கும் வாங்கக் கூடாது. கும்புளாவை உப்பிலும் காடியிலும் (வினிகர்) ஊற வைப்பது வழக்கம்: உப்பில் ஒரு மணி நேரம், கழுவித் துடைத்து அரிசிக் காடியில் அரை மணி நேரம். காடி சதையை வெளுக்க வைக்கும், புழுவைக் கொல்லாது. எனவே உறைபெட்டி அதற்கு முன்பே.

ஜூன் 19

இன்று வடகடல் கணவாய். ஜப்பானியர்கள் அவோரி-இகா என்று கொண்டாடுகிற அதே இனம் நம் கடலில் கிடைக்கிறது. ஏற்றுமதிக்குப் போவது போக மிச்சத்தை நாம் மசாலாவில் போட்டுவிடுகிறோம்.

பச்சைக்கு இதைச் செய்யும் முறையைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். பெரும்பாலான கடைகளில் கணவாய் ரப்பராக இருப்பதற்குக் காரணம் தோல்தான். மேலே புள்ளி போட்ட தோல் எல்லோருக்கும் தெரியும், துடுப்போடு சேர்த்து இழுத்தால் வந்துவிடும். அதற்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. உள்பக்கமும் ஒன்று. ஈரமில்லாத பருத்தித் துணியால் ஓரத்திலிருந்து அழுத்தித் தேய்த்தால் அது சுருண்டு எழும், பிடித்து உரிக்கலாம். உரிந்த சதை கையில் ஒட்டும், விளக்கு வெளிச்சத்தில் கண்ணாடி போலத் தெரியும். பிறகு இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் பாதி ஆழத்துக்குக் கீறல், திருப்பிப் போட்டுக் குறுக்கே இன்னொரு வரிசை. கணவாயின் நார் உடலைச் சுற்றி ஓடுவதால் நீளவாக்கில் கீறினால்தான் நார் அறும். கணவாய் உறைந்து இளகினால் கெடாது, நார் தளர்ந்து இனிப்புக் கூடும். இளக வைப்பது ஃப்ரிட்ஜின் அடித்தட்டில், துணி சுற்றி, ஓரிரவு. அவசரத்துக்குத் தண்ணீரில் போட்டால் இனிப்பு முழுக்கத் தண்ணீருக்குப் போய்விடும்.

எலுமிச்சை இரண்டு சொட்டு, உப்பு. சோயா சாஸ் இதற்கு வேண்டாம்.

ஜூன் 21

சோறு. காடி கலந்த சோற்றின் மேல் மீன் வைக்கும் சுஷியில் மீனைப் பற்றியே எல்லோரும் பேசுவார்கள், ஆனால் கடையின் தரம் தெரிவது சோற்றில்தான். பொன்னியும் சீரகச் சம்பாவும் இதற்குச் சேராது, உதிரும். குட்டை அரிசி 300 கிராமை நீர் தெளியும் வரை கழுவி, அரை மணி நேரம் ஊற வைத்து, 370 மில்லி தண்ணீரில் வேகவிட்டு, மூடியபடி பதினைந்து நிமிடம் விட வேண்டும். அரிசிக் காடி 60 மில்லி, சர்க்கரை 25 கிராம், உப்பு 7 கிராம். சோறு கொதிக்கக் கொதிக்க இருக்கும்போதே ஊற்றினால்தான் உள்ளே போகும். ஆறிய சோற்றில் ஊற்றினால் வெளியே நின்று சொதசொதக்கும். மரக்கரண்டியால் வெட்டுவது போலக் கிளறி, விசிறி, ஈரத்துணியால் மூட வேண்டும். பரிமாறும்போது உடம்புச் சூடு இருக்க வேண்டும். ஃப்ரிட்ஜில் வைத்த சோறு விறைத்து மணல்மணலாகிவிடும்.

மேசைக்கு வருவோம். சோறு வெதுவெதுப்பு, மீன் சில்லிப்பு, இந்த வித்தியாசம் நிற்பது ஒரு நிமிடம். அதனால் பத்துத் துண்டை ஒரே தட்டில் அடுக்கி அனுப்புவதை எங்கே பார்த்தாலும் வருத்தமாக இருக்கிறது. இரண்டிரண்டாக வைத்து, அவர் தின்று முடிப்பதைப் பார்த்து அடுத்ததைப் பிடிக்க வேண்டும். கணவாய், பாரை முதலில், கொழுப்புள்ள கடல்விரால் அடுத்து, காடியில் ஊறிய கும்புளா கடைசியில். கையால் சாப்பிடலாம், அதுவே முறைதான். துண்டைச் சாய்த்து மீன் பக்கத்தைச் சாஸில் தொட வேண்டும், சோற்றைத் தொட்டால் உதிரும். இஞ்சி இடையிடையே வாயைச் சுத்தம் செய்ய, மேலே வைத்துத் தின்ன இல்லை. இதையெல்லாம் கேட்டால் மட்டும் சொல்ல வேண்டும். சாப்பிடுகிறவரைத் திருத்தும் குரல் மேசையில் கேட்கக் கூடாது. ஸ்பூன் கேட்டால் ஸ்பூன். குச்சியைச் சோற்றில் நட்டு வைப்பது மட்டும் அங்கே சாவுச் சடங்கு, ஜப்பானிய விருந்தினர் பக்கத்தில் இருந்தால் மெதுவாகச் சொல்லலாம்.

கைதுடைக்கும் துண்டு இந்த வெக்கைக்குக் குளிர்ந்தது. வாசனைப் பொடி போட்டுத் துவைக்கக் கூடாது. சாம்பிராணி, அத்தர், மல்லிகைப்பூ எதுவும் பரிமாறும் இடத்துக்கு வேண்டாம். பச்சை மீனின் மெல்லிய மணம் அவற்றுக்கு முன் நிற்காது. வாசலில் ஜப்பானிய மொழியில் சத்தமாக வரவேற்பது நல்ல வழக்கம்தான், ஆனால் கத்திவிட்டு ஆளைக் கவனிக்காமல் விட்டால் என்ன பயன்? முகம் பார்த்து "வாங்க, உட்காருங்க" என்றாலே போதும்.

ஜூன் 25

டெம்புரா மாவு: ஐஸ் தண்ணீர், மைதா, குச்சியால் பத்துச் சுற்று, கட்டி இருக்கட்டும். நன்றாகக் கலக்கினால் மாவு இழுபட்டுப் பஜ்ஜியாகிவிடும். எண்ணெய் 170 முதல் 180 டிகிரி. கணவாய் வெடித்துத் தெறிப்பது சவ்வுக்குள் தண்ணீர் மாட்டுவதால், கீறி ஒற்றி எடுத்த பிறகே போட வேண்டும்.

ஜூன் 28

"காரமா ஏதாவது இருக்கா?" இதைக் கேட்டு முகம் சுளிக்கும் கடைகள் உண்டு. தேவையில்லை. டோக்கியோவுக்குத் தெற்கே ஹச்சிஜோ தீவில் சஷிமிக்குச் சோயா சாஸில் பச்சை மிளகாயைக் கிள்ளிப் போட்டுத்தான் தொட்டுக்கொள்கிறார்கள். அங்கே சுஷியிலும் வசாபி என்கிற காரப் பசைக்குப் பதில் கடுகு. கடல்விராலுக்கும் பாரைக்கும் பச்சை மிளகாய் பொருந்தும். கணவாய்க்குப் பொருந்தாது, அதைச் சொல்லிவிட்டு விட்டுவிட வேண்டும்.

வசாபி என்று பரவலாக விற்பது குதிரைமுள்ளங்கிப் பசை. பலகையிலும் அப்படியே எழுதலாம்.

ஜூலை 2

கடல் அட்டை கேட்டார் ஒருவர், ஜப்பானில் சாப்பிட்டாராம். இங்கே அது 2001 முதல் வனஉயிர்ச் சட்டத்தின் முதல் பட்டியலில். பிடிப்பதும் விற்பதும் குற்றம். "இல்லை" என்பதோடு காரணத்தையும் சொன்னால் அவர் வேறெங்கும் கேட்க மாட்டார்.

மதியம் நெடுநேரம் கரண்ட் இல்லை. உறைபெட்டிக் கதவைத் திறக்காமல் வைத்தால் நிறைந்த பெட்டி வெகுநேரம் தாங்கும், பாதி காலியான பெட்டி தாங்காது. காலி இடத்தைத் தண்ணீர் பாட்டில்களால் நிரப்பி உறைய வைப்பது பலன் தரும். வெப்பமானியைச் சுவரில் ஒட்டாமல் மீன்களுக்கு நடுவில் செருக வேண்டும். இன்று அது மைனஸ் 14 வரை ஏறிவிட்டது. ஏழு நாள் முடியாத கடல்விரால் கட்டுக்கு நாள் கணக்கைத் தொடக்கத்திலிருந்து எண்ண வேண்டும், அதன் மேல் சீட்டு மாற்றியாயிற்று. பலகையில் நாளைக்குக் கடல்விரால் உப்பிட்டுச் சுட்டது என்றிருக்கும், பச்சைக்குப் பாரை மட்டும்.