மழைக்காலப் படப்புத்தக நாட்குறிப்பு: ஜூன் – ஜூலை 2025

ஜூன் 7, சனி

பள்ளி திறந்த வாரம். குமரி மாவட்டக் குளச்சல் கரையில் சாரல் விட்டபாடில்லை. சனிக்கிழமைப் படப்புத்தக வாசிப்புக்குத் திண்ணையில் 12 பிள்ளைகள், 4 வயதிலிருந்து 7 வரை. சாதாரண அளவுப் படப்புத்தகத்துக்கு இதுதான் உச்ச எண்ணிக்கை. பதின்மூன்றாவது பிள்ளை வந்தால் மூன்றாம் வரிசை உருவாகும். அங்கிருந்து படத்தில் இருக்கும் எறும்பு தெரியாது; எறும்பு தெரியாத பிள்ளை பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளும்.

முன்வரிசை பாயில், பின்வரிசை பெஞ்சில், இரண்டும் அரைவட்டமாக. புத்தகத்துக்கும் முன்வரிசைக்கும் 3 அடி போதும். வாசிப்பவரின் முதுகுக்குப் பின்னால் சன்னல் இருந்தால் பக்கம் இருட்டிக் கிடக்கும், பிள்ளைகளுக்குக் கண் கூசும். சன்னல் பிள்ளைகளின் பின்புறம் இருக்கட்டும். வழவழப்பான தாளில் வெளிச்சம் பட்டுப் பளபளத்தால் புத்தகத்தின் மேல்விளிம்பை ஓர் அங்குலம் முன்னால் சாய்த்தால் சரியாகிவிடும். ஒரு கையால் புத்தக முதுகின் அடிப்பகுதியைப் பிடித்து, தோளோடு ஒட்டினாற்போல் வைத்துக்கொள்வது நல்லது. மடியில் வைத்துத் தலைகீழாக வாசிப்பவர்களுக்கு எழுத்து ஞாபகத்தில் இருக்காது. முந்தின நாள் இரண்டு தடவை உரக்கப் படித்திருந்தால் இருக்கும்.

முதல் வாசிப்பில் கேள்வி கேட்டு நிறுத்துவதில்லை. கதை ஓடட்டும். கேள்வியெல்லாம் இரண்டாம் வாசிப்பில். அமெரிக்காவில் உளவியலாளர் வொயிட்ஹர்ஸ்டும் குழுவினரும் 1988இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு பரவிய உரையாடல் வாசிப்பு முறைதான் இங்கேயும்: கேட்பது, பிள்ளை சொன்னதை ஏற்பது, அதில் ஒரு சொல்லைக் கூட்டுவது, கூட்டியதைப் பிள்ளை வாயாலே சொல்ல வைப்பது. "பூனை" என்றால், "ஆமா மக்களே, நனைஞ்ச பூனை. எங்க போய் நனைஞ்சுது?" அவ்வளவுதான். "கதையின் நீதி என்ன?" என்று கேட்டால் பிள்ளைகள் வாசலைப் பார்ப்பார்கள்.

பிறகு செயல்பாடு. அதற்கு ஒரே ஒரு சோதனை வைத்திருக்கிறோம். புத்தகத்தை அலமாரியில் பூட்டிவிட்டும் அந்த வேலையைச் செய்ய முடியுமானால், அது கைவேலை வகுப்பு. யானைக் கதை படித்துவிட்டு, அச்சடித்த யானைக்கு வண்ணம் தீட்டச் சொல்வது அந்த ரகம். "இந்த யானை எந்தப் பக்கத்துல பயந்திருக்கு? காது எப்படி இருக்கு? அந்தக் காதை மட்டும் வரைங்க" என்றால் பிள்ளை புத்தகத்துக்கு ஓடியாக வேண்டும். இன்று செய்தது அதைத்தான். வாசிப்பு 10 நிமிடம், காது வரைதல் 20 நிமிடம். காதைப் பார்க்கப் போனவர்களில் மூன்று பேர் யானையின் வாலும் ஒவ்வொரு பக்கத்திலும் மாறுவதைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். வாசித்தவர் அதைக் கவனித்திருக்கவில்லை.

ஜூன் 9, திங்கள்

பசை. கடையில் வாங்கும் பாட்டில் பசை 12 பிள்ளைகளுக்கு இரண்டு சனிக்கிழமை தாங்காது. நம்மூரில் கிழங்கு மாவு இருக்கிறது. மரச்சீனி (மரவள்ளி) மாவு 2 மேசைக்கரண்டி எடுத்து, கால் டம்ளர் பச்சைத் தண்ணீரில் முதலில் கரைக்க வேண்டும். அதைக் கொதிக்கும் ஒரு டம்ளர் தண்ணீரில் ஊற்றிக் கிண்டினால் இரண்டு நிமிடத்தில் வெள்ளை போய்க் கண்ணாடிபோல ஆகும். உடனே இறக்கிவிட வேண்டும். ஆற ஆறக் கெட்டியாகும். மாவை நேரே சுடுதண்ணீரில் கொட்டினால் மேல்பக்கம் வெந்து உள்ளே மாவாகவே நிற்கும், கட்டி கட்டியாக. அதை எவ்வளவு மசித்தாலும் கரையாது. கொட்டிவிட்டு மறுபடி காய்ச்சுவதே லாபம்.

கெடாமலிருக்க முன்பெல்லாம் பசையில் துருசு (மயில்துத்தம்) போடுவார்கள். துருசு நஞ்சு. பிள்ளைகள் விரல் சூப்புகிற இடத்தில் அது வேண்டாம். இந்த மழையில் மறுநாளே புளித்த வாடை வரும், அதனால் அன்றன்றைக்குக் காய்ச்சுவது.

ஒட்டிய தாள் சுருள்கிறது என்று எல்லோரும் பசையைக் குறை சொல்வார்கள். ஈரத்தில் விரிந்த தாள் காயும்போது சுருங்குகிறது, அதுதான் காரணம். சின்னத் துண்டின் பின்பக்கம் மட்டும் மெல்லிசாகத் தடவி, இரவு முழுக்கப் பழைய டெலிபோன் டைரக்டரியை மேலே ஏற்றி வைத்தால் படிந்துவிடும். அந்த டைரக்டரிக்கு இப்போது வேறென்ன வேலை.

ஜூன் 14, சனி

கதைக்கொடி. இரண்டு தூணுக்கு நடுவே தென்னங்கயிறு, தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில். பெரியவர்கள் தங்கள் தோள் உயரத்தில் கட்டிவிட்டு, பிள்ளைகளைத் தூக்கித் தூக்கி மாட்ட விடுவதைப் பார்க்கலாம். பிறகு எல்லாப் படத்தையும் மாட்டுவது பெரியவர்தான். துணிக்கவ்வி பழசாக இருக்க வேண்டும். புதுசின் வில் 5 வயது விரலுக்கு வளையாது.

இன்று படித்த முதலைக் கதைப் புத்தகத்திலிருந்து 6 காட்சி. இரண்டு பிள்ளைக்கு ஒரு காட்சி, ஏ4 தாளில் பாதி, க்ரேயான். ஸ்கெட்ச் பேனா சாரல் பட்டால் ஓடிவிடும். வரைந்ததைக் கதை வரிசையில் கொடியில் மாட்ட வேண்டும்.

எதெல்லாம் தப்பாகப் போகும்? முதலாவது, எல்லோருக்கும் முதலை வாயைத் திறக்கும் காட்சிதான் வேண்டும். இன்று நாலு ஜோடி அதையே வரைந்தது. தடுக்கவில்லை. நாலு முதலையையும் ஒரே கவ்வியில் அடுக்கி மாட்டி, "நடுவுல என்ன விட்டுப்போச்சு?" என்று கேட்டதும் புத்தகம் கைக்குக் கை போனது. இரண்டாவது, வரிசை தப்புவது. கதை புரியவில்லை என்று அவசரப்பட்டு முடிவு கட்டக் கூடாது. பெரும்பாலும் படங்களில் முன்பின் சொல்லும் அடையாளம் இருக்காது. அதனால் இந்தச் செயல்பாட்டுக்குப் பக்கத்துக்குப் பக்கம் ஏதாவது ஒன்று மாறிக்கொண்டே வரும் புத்தகமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்: இறங்கும் சூரியன், குறையும் பானைத் தண்ணீர், கூடையில் ஏறும் மாங்காய். 4 வயதுக்கு 6 காட்சி மலைப்பு. மூன்று போதும்.

மாட்டி முடிந்ததும் எல்லோரும் கண்ணை மூட, ஒரு படத்தை எடுத்து ஒளித்துவிட்டு எது போச்சு என்று கேட்கலாம். இதுவே அரை மணி நேரம் ஓடும். நிறுத்தத்தான் கஷ்டம்.

படத்தை நகலெடுத்து வெட்டி அடுக்கவும் செய்யலாம். அதற்கு ஸ்டோரிவீவர் தளத்துப் புத்தகங்கள் வசதி. பிள்ளைகளுக்கான புத்தகம் வெளியிடும் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய இணையதளம். பெரும்பாலானவை திறந்த உரிமத்தில் இருப்பதால் அச்சிடலாம், வெட்டலாம், மொழிபெயர்க்கலாம். எழுதியவர், வரைந்தவர் பெயர் உள்ள பக்கத்தையும் சேர்த்து அச்சிட வேண்டும்.

ஜூன் 17, செவ்வாய்

சொற்கள். மீன் பற்றிய புத்தகத்தில் "மத்தி" என்று வாசித்ததுமே கரைப் பிள்ளைகளிடமிருந்து, "அது சாளை!" மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை. விசைப்படகெல்லாம் நிற்கிறது, வலை பின்னுவதைப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகள் வருகிறார்கள். மீனைப் பற்றி அவர்களிடம் ஏமாற்ற முடியாது.

புத்தகச் சொல் ஒரு பக்கம், வீட்டுச் சொல் மறுபக்கம் என்று அட்டை எழுதித் தொங்கவிட்டோம். மத்தி – சாளை. மரவள்ளி – மரச்சீனி. பலா – சக்கை. அப்பளம் – பப்படம். துடைப்பம் – வாரியல். கல்குளம், விளவங்கோடு பக்கம் மலையாளம் பேசும் வீடுகளும் உண்டு. அவர்களின் மலையாளச் சொல்லுக்கு அட்டையில் மூன்றாவதாக ஓர் இடம். வீட்டுச் சொல்லைத் "தப்பு" என்று திருத்தும் பெரியவர் இருந்தால் பிள்ளை அடுத்த வாரம் வாயே திறக்காது. அட்டை 10 சொல்லைத் தாண்டினால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

ஜூன் 21, சனி

நிழல் பாவை. நாகர்கோவில் வட்டாரத்தில் தோல்பாவைக்கூத்து ஆடும் குடும்பங்கள் உண்டு. ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி மெல்லிசாக்கிச் சாயமேற்றுவதால் அந்தப் பாவைகளின் நிழல் வண்ணத்தோடு விழும். நம்மிடம் இருப்பது பழைய கல்யாண அழைப்பிதழ்.

புத்தகம்: மூன்று நான்கு உருவங்கள் மட்டும் வருவது. அதற்கு மேல் போனால் திரைக்குப் பின்னால் சந்தை.

படத்தை அப்படியே பிரதி எடுத்தால் பாவை வராது, இதைப் பலரும் கவனிப்பதில்லை. படத்தில் நாய் நம்மைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். அதன் நிழல் வெறும் உருண்டை. பக்கவாட்டில் திருப்பினால்தான் மூக்கும் வாலும் வெளியே வரும். "இந்த நாய் அந்தப் பக்கம் திரும்பினா மூக்கு எங்க போகும்?" என்று கேட்டு, புத்தகத்தில் வேறு பக்கத்தில் நாய் பக்கவாட்டில் நிற்கிறதா என்று தேடச் சொல்ல வேண்டும். இன்றைய வேலையில் பாதி நேரம் இந்தத் தேடலுக்கே போனது, போகட்டும்.

அளவு 15 முதல் 18 செ.மீ. கால், வால், கழுத்து எதுவும் ஒரு செ.மீ.க்குக் குறையக் கூடாது, குறைந்தால் மடங்கித் தொங்கும். கண்ணுக்குப் பஞ்ச் மெஷினில் ஓர் ஓட்டை. பிடிக்க ஒற்றை ஈர்க்குச்சி என்றால் வளையும். மூன்றைச் சேர்த்து நூல் சுற்றி, பாவையின் முதுகு நெடுக டேப்பால் ஒட்டி, கீழே ஒரு சாண் விட வேண்டும். வண்ணம் வேண்டுமானால் உடலில் ஒரு சன்னல் வெட்டி, வெள்ளைத்தாளில் க்ரேயானை அழுத்தித் தீட்டி, பின்பக்கம் இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் தேய்த்து ஒட்டலாம். எண்ணெய் பட்ட தாள் வெளிச்சத்தை உள்ளே விடும். எண்ணெயை ஒட்டுமிடத்தில் பட விடக் கூடாது, பசை பிடிக்காது.

திரை: வெள்ளை வேட்டி, ஒற்றை மடிப்பு, இழுத்துக் கட்டியது. விளக்கு: போனின் டார்ச். ஒரே புள்ளியிலிருந்து வரும் வெளிச்சம் என்பதால் விளிம்பு கத்தரித்தாற்போல விழும். பல எல்இடி உள்ள எமர்ஜென்சி லைட்டை வைத்தால் ஒரு நாய்க்கு ஆறு நாய் நிழல், டியூப்லைட் என்றால் நிழல் புகைமாதிரி. திரைக்கு நாலடி பின்னால், பாவையின் உயரத்தில் விளக்கு. பாவை துணியைத் தொட வேண்டும். விளக்குப் பக்கம் நகர்த்தினால் நிழல் பெருக்கும், மங்கும். இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டாம், இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். கதையில் பூதம் வளரும் இடத்தில் அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

ஆட்டுகிற பிள்ளை தன் கையிலுள்ள பாவையைத்தான் பார்க்கும், திரையைப் பார்க்காது. அதனால் பாவை தலைகீழாகவும் பறக்கும். ஒவ்வொருவரையும் ஒரு தடவை முன்பக்கம் உட்காரவைத்துப் பார்க்க விட்டால் திருந்தும். இரண்டு பேர் ஆட்ட, ஒருவர் புத்தகத்தைப் பார்த்து வாசிக்க, மற்றவர்கள் மழைச் சத்தம்: உள்ளங்கையைத் தேய்ப்பது, விரல் சொடுக்குவது, தொடையில் தட்டுவது, சிரட்டையால் இடி.

ஜூன் 28, சனி

ஒரே தாளில் எட்டுப் பக்கப் புத்தகம். தையல் இல்லை, பசை இல்லை, ஒரே ஒரு வெட்டு. ஏ4 தாளை நீளவாக்கில் பாதியாக மடித்துப் பிரி. அகலவாக்கில் பாதியாக மடி, அதை மறுபடி பாதியாக மடி, முழுக்கப் பிரி. எட்டுக் கட்டம் தெரியும். அகலவாக்கில் ஒரு தடவை பாதியாக மடித்து, மடிப்புப் பக்கத்திலிருந்து நடுக்கோடு வழியே அடுத்த மடிப்புக்கோடு வரை மட்டும் வெட்டு. பிரித்து, நீளவாக்கில் மடித்து, இரு முனையையும் உள்ளே தள்ளினால் நடுவில் வாய் திறந்து கூட்டல் குறிபோல நிற்கும். சுற்றி மடித்தால் சுமார் ஏழரைக்குப் பத்தரை செ.மீ. அளவில் புத்தகம்.

திறந்த பக்கத்திலிருந்து வெட்டினால் தாளின் இரு ஓரமும் கிழிந்து புத்தகம் நிற்காது. 12 பிள்ளையில் நாலு பேருக்கு அப்படி ஆகும் என்று எண்ணி 16 தாள் வைத்துக்கொள்வது. கத்தரியைக் கொடுக்கும் முன் மடிப்புப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தால் அந்த நாலும் ஒன்றாகக் குறையும். நகத்தால் அழுத்தி நீவாத மடிப்பு வாய் திறக்காது. மடித்து முடித்த பிறகே வரைய வேண்டும். விரித்த தாளில் வரைந்தால் ஒரு வரிசை தலைகீழாக வந்து நிற்கும்.

உள்ளே என்ன? "கதையைத் திரும்ப எழுது" என்றால் வெற்றுத்தாளையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். புத்தகத்தின் திரும்பத் திரும்ப வரும் வாக்கியத்தைக் கடன் வாங்கச் சொல்ல வேண்டும். "கதவைத் தட்டியது யார்?" என்று பக்கந்தோறும் கேட்கும் புத்தகம் என்றால், அதே கேள்வியோடு தன் வீட்டுக் கதவைத் தட்டுகிறவர்களை வரையலாம். இன்று தட்டியவர்கள்: மீன்காரப் பாட்டி, கேஸ்காரர், பக்கத்து வீட்டுக் கோழி, காத்து, கரண்ட் பில். எழுதத் தெரியாத பிள்ளை சொல்லச் சொல்ல, அது சொன்ன சொல்லிலேயே பெரியவர் எழுதித்தர வேண்டும். "வந்துச்சு" என்பதை "வந்தது" ஆக்க வேண்டாம்.

ஜூலை 2, புதன்

நனைந்த புத்தகம் இரண்டு. வெயிலில் வைக்கக் கூடாது, பக்கம் அலையலையாகும், சாயம் வெளுக்கும். சாதாரணத் தாள் என்றால் ஐந்தாறு பக்கத்துக்கு ஒரு வெள்ளைத் துண்டுத்தாள் செருகி, ஃபேன் அடியில் நிறுத்தி, மணிக்கொரு தரம் தாளை மாற்றினால் போதும். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். வழவழப்பான தாள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். காய்ந்த பிறகு பிரித்தால் படமே உரிந்து வரும். ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொரு பக்கமாகப் பிரித்துவிட வேண்டும்.

கிழிசலுக்கு செலோடேப் ஒட்டினால் இரண்டு மூன்று வருடத்தில் மஞ்சளாகிப் பிசுபிசுக்கும். மெல்லிய டிஷ்யூ தாளும் அன்று காய்ச்சிய பசையும் போதும்.

ஜூலை 5, சனி

எழுத்தே இல்லாத படப்புத்தகம். வாசிப்பவருக்குத்தான் கை நடுங்கும். ஒரு பக்கத்துக்கு 20 வினாடி பேசாமல் காட்ட வேண்டும். பெரியவருக்கு அது ஒரு மணி நேரம்போல இருக்கும், ஏழாம் வினாடியில் வாய் திறந்துவிடுவோம். மனதுக்குள் எண்ணிக்கொள்ளலாம்.

இரண்டாம் சுற்றில் ஒரு பக்கத்துக்கு ஒரு பிள்ளை கதை சொன்னது. ஒருவர் சொன்னதை அடுத்தவர் மறுத்தார்: "அவன் அழல்ல, மழைத்தண்ணி." படத்தில் அந்தப் பையனின் கன்னத்தில் மூன்று சொட்டு. அழுகையா மழையா என்று பத்து நிமிடம். முடிவுக்கு வர, முந்தின பக்கத்தில் குடை இருக்கிறதா என்று பார்த்தார்கள்; அதற்கு முந்தின பக்கத்தில் மேகம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். வெட்டி வைத்த தாளும் காய்ச்சிய பசையும் அப்படியே கிடந்தன. அடுத்த சனிக்கும் இதே புத்தகம்தான். கேட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.