"தரவு தேவைப்படுவோர் ஆசிரியரைத் தொடர்புகொள்ளலாம்" என்ற வரி போதாது

பல ஆய்வுக் கட்டுரைகளின் கடைசியில் இந்த வரி இருக்கும். தொடர்புகொண்டால் தரவு கிடைக்குமா? 2014இல் 'கரன்ட் பயாலஜி' இதழில் வந்த ஓர் ஆய்வு, 2 முதல் 22 ஆண்டுகள் வரை பழைய 516 கட்டுரைகளின் தரவைக் கேட்டுப் பார்த்தது. கட்டுரைக்கு ஒரு வயது கூடினால், தரவு எஞ்சியிருக்கும் வாய்ப்பு விகிதம் 17 சதவீதம் குறைந்தது. இதற்கு ஒளித்துவைக்கும் எண்ணம் தேவையே இல்லை. மின்னஞ்சல் முகவரி மாறிவிடும், தரவு பழைய டிஸ்கில் சிக்கிக்கொள்ளும், அவ்வளவுதான்.

அதனால் பல்கலைக்கழகத்தில் திறந்த அறிவியலை, அதாவது ஆய்வின் தரவையும் நிரலையும் பிறரும் பார்த்துப் பயன்படுத்தும்படி வெளியிடும் முறையை, கொண்டுவர நினைப்பவர்கள் கருத்தரங்கையும் கொள்கை அறிக்கையையும் பிறகு வைத்துக்கொள்ளட்டும். விருப்பமுள்ள ஓர் ஆய்வகத்தில், ஒரு கட்டுரையின் ஃபோல்டரை மட்டும் எடுத்து, அந்நியர் ஒருவர் திறந்தாலும் புரியும்படி செய்யுங்கள். அந்த ஒன்றைப் பார்த்த பிறகுதான் அடுத்த ஆய்வகம் நம்பும்.

ஃபோல்டரில் முதலில் வேண்டியது ஒரு 'ரீட்மீ' கோப்பு. எந்தக் கோப்பில் என்ன இருக்கிறது, ஒவ்வொரு நெடுவரிசையின் பெயர், பொருள், அலகு, விடுபட்ட மதிப்புக்கான குறி ஆகியவை அதில் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். பதில் சொல்லாதவர்களின் வயதுக்கு -99 என்று போட்டு, அதை எங்கும் எழுதாமல் விட்டால், அடுத்தவர் எடுக்கும் சராசரி தாறுமாறாகிவிடும். 03/04 என்ற தேதி மார்ச் 4ஆ, ஏப்ரல் 3ஆ? 2024-04-03 என்று எழுதினால் குழப்பமே இல்லை. தரவை, எந்த மென்பொருளிலும் திறக்கக்கூடிய எளிய உரை வடிவமான சிஎஸ்வியாகச் சேமியுங்கள். எக்செல் தானாகத் திருத்துவதையும் கவனியுங்கள். மார்ச்1, செப்ட்2 என்ற மரபணுப் பெயர்களை அது தேதியாக மாற்றிக் கொண்டே இருந்ததால், 2020இல் அந்தப் பெயர்களையே மாற்ற வேண்டி வந்தது. மூலத் தரவைத் தனி ஃபோல்டரில் வைத்து, அதில் யாரும் கைவைக்காமல் பூட்டிவிடுவது நல்லது.

அடுத்தது சோதனை. வேறோர் ஆய்வகத்து மாணவரிடம் ஃபோல்டரைக் கொடுத்து, பக்கத்தில் நின்று விளக்காமல், கட்டுரையின் முதல் அட்டவணையை மட்டும் மறுபடி வரவழைக்கச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் கொடுத்தால் போதும். பெரும்பாலும் முதல் நிமிடத்திலேயே நின்றுவிடும். நிரலில், அதை எழுதியவரின் சொந்தக் கணினியில் மட்டுமே உள்ள ஃபோல்டர் பாதை இருக்கும், பயன்படுத்திய மென்பொருள் பேக்கேஜின் பதிப்பு எண் இருக்காது, ரேண்டம் சீட் (தற்செயல் எண்கள் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வரவைக்கும் தொடக்க எண்) குறித்திருக்காது. இந்த மூன்றையும் சரிசெய்தாலே பாதி வேலை முடிந்தது.

பிறகு, தரவை நிலையாகச் சேமித்துவைக்கும் இணையக் களஞ்சியத்தில் ஏற்றலாம். ஐரோப்பிய அணு ஆய்வு நிறுவனமான சேர்ன் நடத்தும் ஜெனோடோ இலவசம், பதிவு ஒன்றுக்கு 50 ஜிபி வரை ஏற்கும். கட்டுரையை இதழுக்கு அனுப்பும் முன்பே, தரவுக்கான நிலையான இணைய அடையாளமான டிஓஐ எண்ணை ஒதுக்கிவைத்து, கட்டுரைக்குள் எழுதிவிடலாம். நிரல்களை வைக்கும் தளமான கிட்ஹப்பின் இணைப்பை மட்டும் கொடுப்பது போதாது, உரிமையாளர் நினைத்தால் அதை அழித்துவிடலாம். ஜெனோடோவுடன் கிட்ஹப்பை இணைப்பவர்கள், ரிலீஸ் (நிரலின் ஒரு பதிப்பு) வெளியிடும் முன்பே இணைப்பை இயக்க வேண்டும். முன்பே வெளியான ரிலீஸ்கள் தானாக வந்து சேராது. உரிமம் போடாமல் விட்டால், பார்க்கலாமே தவிர பயன்படுத்தும் உரிமை பிறருக்கு இல்லை. தரவுக்கு சிசி பை 4.0 (பெயரைக் குறிப்பிட்டால் யாரும் பயன்படுத்தலாம் என்னும் உரிமம்), நிரலுக்கு எம்ஐடி (அதேபோல் தாராளமான மென்பொருள் உரிமம்) என்று வைத்தால் பெரும்பாலான ஆய்வுகளுக்குச் சரியாக இருக்கும்.

மனிதர்களிடம் எடுத்த தரவு என்றால், எல்லாம் ஒப்புதல் படிவத்திலேயே முடிவாகிவிடுகிறது. "ஆய்வுக் குழுவைத் தவிர யாருக்கும் காட்டமாட்டோம்" என்று கையெழுத்து வாங்கிவிட்டால், பின்னால் பகிர வழியில்லை, பகிரவும் கூடாது. அது கொடுத்த வாக்கு. எனவே "அடையாளம் நீக்கிய தரவு பிற ஆய்வாளர்களுக்குத் தரப்படலாம்" என்ற வரியைப் படிவத்தின் மாதிரியிலேயே சேர்க்கும்படி நெறிமுறைக் குழுவைக் கேளுங்கள். பெயரை நீக்கினால் மட்டும் அடையாளம் போய்விடாது. சிறு ஊரில் வயது, தொழில், குழந்தைகளின் எண்ணிக்கை மூன்றும் சேர்ந்தாலே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். வயதை 10 ஆண்டு இடைவெளிகளாக்குங்கள். அப்போதும் ஐயம் இருந்தால் தரவை மூடிவைத்து, என்ன தரவு, யார் எடுத்தது, எப்படி அணுகலாம் என்று சொல்லும் விவரப் பதிவை மட்டும் திறந்துவிடுங்கள். அதுவும் திறந்த அறிவியல்தான்.

"நம் யோசனையை எடுத்து வேறு யாராவது முந்திக்கொள்வார்கள்" என்ற அச்சம் ஆய்வு மாணவர்களுக்கு உண்மையிலேயே உண்டு, அதை அலட்சியப்படுத்தக் கூடாது. ஆய்வாளர்களுக்கான ஓஎஸ்எஃப் என்ற இணையதளத்தில் ஆய்வுத் திட்டத்தை, ஆய்வு தொடங்கும் முன்பே பதிவு செய்து, 4 ஆண்டுகள் வரை மூடியே வைக்கலாம். கருதுகோளை எப்போது எழுதினார்கள் என்பதற்குத் தேதியுடன் சான்று இருக்கும், போட்டியாளர் கண்ணிலும் படாது.

நிர்வாகத்திடம் கேட்க வேண்டியவை மூன்றுதான். ஆய்வேடு சமர்ப்பிக்கும் படிவத்தில் தரவின் டிஓஐக்கு ஒரு கட்டம். அது காலியாக இருந்தால் காரணம் எழுத ஒரு வரி. நூலகத்தில் இதற்கென்று பயிற்சி பெற்ற ஒருவர். பதவி உயர்வுக் குழு தரவுத் தொகுப்பையும் பணியாக எண்ணாதவரை, இந்தச் சுமை முழுவதும் மாணவர் தலையில்தான் விழும். ஆகவே நெறியாளர்கள் தரவைச் சீராக்கும் நாட்களை ஆய்வுக் கால அட்டவணையிலேயே ஒதுக்கட்டும், ஆய்வேட்டை முடிக்கும் கடைசி வாரத்தில் அல்ல, தரவு எடுக்கத் தொடங்கும் முதல் வாரத்திலிருந்தே.