திண்மங்களைச் சூடாக்கிப் பார்த்த ஆய்வுக் காலம்

ஒரு திண்மத்தைச் சூடாக்கினால் அது எந்த வெப்பநிலையில், எவ்வளவு விரைவாக, எந்த வழியில் பிரிகின்றது என்ற கேள்வியே என் ஆய்வு வாழ்க்கையின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகத்தில் இரசாயனவியல் படித்த காலத்தில் கரைசல்களின் தாக்கவீதத்தை மட்டுமே அறிந்திருந்த எனக்கு, திண்மத்தில் தாக்கம் எங்கும் ஒரேயளவில் நிகழாமல், மேற்பரப்பிலும் வெடிப்புகளிலும் குறைபாடுள்ள இடங்களிலும் தொடங்கி உள்நோக்கி நகர்கின்றது என்பது பெரும் வியப்பாக இருந்தது. பொற்றாசியம் பரமங்கனேற்றுப் பளிங்கின் பிரிகை முதலில் மெதுவாகவும், பின்னர் விரைந்தும், ஈற்றில் தளர்ந்தும் செல்வதை 1944 இல் புரௌட், தொம்கின்சு ஆகிய இருவரும் விளக்கினார்கள். விளைபொருளால் உண்டாகும் தகைப்பு, அதாவது உள்ளே எழும் இறுக்கம், பளிங்கை வெடிக்கச் செய்கின்றது. வெடிப்பில் தோன்றும் புதிய பரப்புகளில் தாக்கம் கிளைத்துப் பரவுகின்றது. அந்த விளக்கமே என்னை இத்துறைக்குள் இழுத்தது.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலமே சுண்ணக்கல் என்பதால் என் ஆய்வுப் பொருளைத் தேடி வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. 100 கிராம் தூய கல்சியம் காபனேற்று 44 கிராம் காபனீரொட்சைட்டை இழந்து 56 கிராம் சுட்ட சுண்ணாம்பாகின்றது. கணக்கு அவ்வளவுதான், சிக்கல் வேகத்தில் இருக்கின்றது. ஏறத்தாழ 900 பாகை செல்சியசில்தான் கல்லிலிருந்து வரும் காபனீரொட்சைட்டின் சமநிலை அமுக்கம் ஒரு வளிமண்டலத்தை எட்டுகின்றது. வெளிவரும் வாயு உடனுக்குடன் அகற்றப்பட்டால் அதற்குக் கீழேயே பிரிகை நடைபெறும். வாயு தேங்கினால் தாக்கம் தடைப்படும். நமது சுண்ணாம்புச் சூளைக்காரர்கள் அடுக்கிய கற்களுக்கிடையே காற்றோட்டத்துக்கு வழி விட்டதன் இரசாயனக் காரணம் இதுவே. அவர்களுடைய அனுபவ அறிவின் மீது எனக்கு ஆழ்ந்த மதிப்புண்டு.

இதனால்தான், ஆய்வுக் கட்டுரைகளில் இத்தாக்கத்துக்குத் தரப்பட்டுள்ள ஏவற்சக்தி, அதாவது தாக்கம் நிகழக் கடக்க வேண்டிய சக்தித் தடை, மூலுக்கு 200 கிலோயூலுக்குக் கீழிருந்து 1000 கிலோயூலுக்கு மேல் வரை பரந்து கிடக்கின்றது. ஒரே கல்லுக்கு இத்தனை பெறுமானங்கள் இருக்க முடியாது. 1974 இல் பெருட்டோ, சியர்சி ஆகியோர் தனிப்பளிங்குகளை வெற்றிடத்தில் சூடாக்கி, வாயு மீண்டும் சுண்ணாம்போடு சேரும் மீள்தாக்கத்தைத் தவிர்த்துப் பெற்ற பெறுமானம் 205 கிலோயூல். மற்றைய எண்களிற் பல, கல்லின் இயல்போடு மாதிரியின் திணிவையும் பாத்திரத்தின் ஆழத்தையும் வாயுவின் ஓட்டத்தையும் சேர்த்தே அளந்தவை என்பது என் உறுதியான கருத்து.

மாணவர்களுக்கு இதைக் காட்ட நான் எப்போதும் கல்சியம் ஒட்சலேற்று ஒருநீரேற்றையே எடுப்பேன். சூடாக்கிக்கொண்டே திணிவை அளக்கும் வெப்பத்தராசில் அதன் திணிவு மூன்று படிகளில் இறங்கும்: நீர் 12.3 சதவீதம், காபனோரொட்சைட்டு 19.2 சதவீதம், காபனீரொட்சைட்டு 30.1 சதவீதம். நைதரசனில் இரண்டாம் படி வெப்பத்தை உறிஞ்சுகின்றது. காற்றிலோ வெளிவரும் காபனோரொட்சைட்டு எரிவதால் அதே படி வெப்பத்தை வெளிவிடுகின்றது. சூழவுள்ள வாயுவைக் குறிப்பிடாத ஒரு வரைபை நம்பக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

தொண்ணூறுகளில், மின்சாரமின்றி யாழ்ப்பாணம் இருந்த ஆண்டுகளில், உலையை வைத்து எதுவும் செய்ய முடியவில்லை. அப்போது பழைய தரவுகளைக் கையால் மீளக் கணித்தேன். ஒரே சூடாக்கும் வீதத்தில் பெற்ற ஒரு வளைகோட்டுக்கு, ஒன்றுக்கொன்று முரணான பல பொறிமுறைகள் ஏறத்தாழ ஒரேயளவு நன்றாகப் பொருந்துவதை அந்தத் தாள்களிலேதான் முழுமையாக உணர்ந்தேன். வெப்பப் பகுப்பாய்வுக்கான சர்வதேசக் கூட்டமைப்பு ஒரே தரவுகளைப் பல ஆய்வாளர்களுக்குக் கொடுத்து நடத்திய ஒப்பீடு 2000 இல் வெளிவந்தபோது, அதுவும் பல சூடாக்கும் வீதங்களைக் கொண்டு கணிப்பதையே வலியுறுத்தியது. கிசிங்கர் 1957 இலேயே அத்தகைய வழியொன்றை வகுத்திருந்தார்.

இப்போது என் கவனம் முருகைக்கல்லில் இருக்கின்றது. கல்சைற்றும் அரகனைற்றும் கல்சியம் காபனேற்றின் இரு பளிங்கு வடிவங்கள். சுண்ணக்கல்லில் பெரும்பாலும் கல்சைற்று இருக்க, முருகைக்கல் அரகனைற்றால் ஆனது. அது 400 முதல் 500 பாகைக்கிடையில் கல்சைற்றாக மாறும்போது கனவளவு ஏறத்தாழ 8 சதவீதம் விரிவதால் உள்ளே வெடிப்புகள் தோன்ற வேண்டும். அவ்வெடிப்புகள் காபனீரொட்சைட்டு வெளியேற வழி தந்து பிரிகையை விரைவுபடுத்துகின்றனவா, அல்லது முருகைக்கல்லில் ஏற்கெனவே உள்ள துளைகளே போதுமானவையா என்பதைப் பிரித்தறிய வேண்டும். ஒரு பகுதியை முன்னரே 500 பாகையில் சூடாக்கி ஆறவிட்டு, மற்றைய பகுதியை அப்படியே வைத்து, இரண்டையும் ஒரே திணிவில், ஒரே வாயு ஓட்டத்தில், பல சூடாக்கும் வீதங்களில் அளப்பதே நான் வகுத்திருக்கும் முறை. முன்சூடாக்காத மாதிரியும் பிரிகை வெப்பநிலையை அடையுமுன் இதே மாற்றத்தைக் கடந்தே செல்லும் என்பதால், அரைத்த சுண்ணக்கல்லையும் துளையளவு அளந்து பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டியிருக்கின்றது.