சிலை விழுந்தால் ஜெயித்ததாகிவிடுமா?

2003-ல் அமெரிக்கா இராக்கின் மீது படையெடுத்தது. ஏப்ரல் 9 அன்று பாக்தாத்தின் ஃபிர்தௌஸ் சதுக்கத்தில் அதிபர் சதாம் உசேன் சிலை விழுந்ததை டிவியில் பார்த்தேன். முதலில் உள்ளூர்க்காரர் ஒருவர், பளுதூக்கும் வீரர், பெரிய சம்மட்டியோடு வந்து பீடத்தை அடி அடியென்று அடித்தார். காரை பெயர்ந்ததே தவிர சிலை அசையவில்லை. அப்புறம் அமெரிக்கப் படையினர் இழுவை வண்டியைக் கொண்டுவந்து கழுத்தில் சங்கிலி மாட்டினார்கள், ஒருவர் மேலே ஏறி அமெரிக்கக் கொடியால் சிலையின் முகத்தை மூடினார், சற்று நேரத்தில் அதை எடுத்துவிட்டு இராக் கொடியை வைத்தார்கள். சிலை சாய்ந்ததும் கூட்டம் செருப்பால் அடித்தது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. 1988-ல் ஹலப்ஜாவில் விஷவாயு வீசிக் குர்து மக்களைக் கொன்ற ஆட்சி அது, ஒழிந்ததற்கு யார் அழப்போகிறார்கள்?

அடுத்த மூன்று நாட்களில் தேசிய அருங்காட்சியகம் சூறையாடப்பட்டது. எண்ணெய் அமைச்சகத்துக்கு அமெரிக்கப் படை காவல் நின்றது, அருங்காட்சியகத்துக்கு நிற்கவில்லை. சுமார் 15,000 பொருட்கள் போயின. ஐயாயிரம் வருடப் பழமையான வார்க்கா ஜாடி ஜூன் மாதம் உடைந்த துண்டுகளாக, துணியில் சுற்றி, ஒரு காரின் பின்பக்கத்தில் திரும்பி வந்தது. ஒரு நகரத்தைப் பிடித்தவன் அதற்குப் பொறுப்பாளி ஆகிறான், சர்வதேசச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது, ஆனால் அன்று பாக்தாத்தில் ஆஸ்பத்திரிகளைக்கூடக் காக்க ஆள் இல்லை.

மே 1 அன்று அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ் போர்க்கப்பலில் நின்று முக்கியச் சண்டைகள் முடிந்தன என்றார். பின்னால் 'பணி நிறைவேறியது' என்று பேனர். இராக்கில் இறந்த ஏறத்தாழ 4,500 அமெரிக்கப் படையினரில் மிகப் பெரும்பாலோர் அந்தப் பேனருக்குப் பிறகுதான் இறந்தார்கள். இராக்கியப் பொதுமக்களில் இறந்தவர்கள் லட்சத்துக்கும் மேல். போருக்குக் காரணமாகச் சொன்ன பேரழிவு ஆயுதக் கிடங்குகளோ கடைசிவரை கிடைக்கவே இல்லை.

எல்லாம் கெட்டது அந்த மே மாதத்தில்தான் என்பது என் எண்ணம். இராக்கை நிர்வகிக்க அமெரிக்கா அனுப்பிய பால் பிரெமர் முதல் ஆணையில் சதாமின் பாத் கட்சியின் மேல்மட்டத்தாரை அரசு வேலையிலிருந்து நீக்கினார். வேலைக்காகக் கட்சியில் சேர்ந்திருந்த பள்ளி ஆசிரியர்கள்கூட இதில் மாட்டிக்கொண்டார்கள். இரண்டாவது ஆணையில் ராணுவத்தையே கலைத்தார். லட்சக்கணக்கான ஆண்கள், துப்பாக்கி பிடிக்கப் பயிற்சி பெற்றவர்கள், வீட்டில் நாலைந்து வயிறு காத்திருக்கிறது, திடீரென்று சம்பளம் இல்லை என்றால் என்ன செய்வார்கள்? சம்பளம் கேட்டு வந்த பழைய படையினர் ஜூன் மாதம் பிரெமரின் அலுவலகத்துக்கு வெளியே கூடினார்கள், அங்கே நடந்த துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் உதவித்தொகை அறிவிப்பு வந்தது. அதற்குள் காரியம் கெட்டுவிட்டது. பின்னாளில் ஐஎஸ் பயங்கரவாத அமைப்பின் தளபதிகளில் பலர் அந்தக் கலைத்த ராணுவத்தின் அதிகாரிகள்தான். 2014 ஜூனில் மோசுல் நகரம் அவர்கள் கைக்குப் போனபோது, புதிதாகக் கட்டிய ராணுவம் சீருடையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடியது.

2005 ஜனவரியில் நடந்த இராக் தேர்தலில் ஊதா மை தோய்ந்த விரலைத் தூக்கிக் காட்டிய வாக்காளர்களை நான் மறக்கவில்லை. குண்டு வெடிக்கும் என்று தெரிந்தே வரிசையில் நின்றவர்கள் அவர்கள், அது உண்மையான வெற்றி, ஆனால் அது அவர்கள் ஜெயித்தது. படையெடுத்தவர்கள் அதைத் தங்கள் கணக்கில் எழுதிக்கொள்ள முடியாது. சந்தைக்குப் போன பெண் திரும்பி வருகிறாளா, கோடையில் கரண்ட் இருக்கிறதா, மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறதா, என் கணக்கு இவ்வளவுதான். இதில் ஒன்றுகூடத் தேறாத வருடங்களை வெற்றி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்தச் சம்மட்டிக்காரர் 2016-ல் பிபிசிக்குப் பேட்டி கொடுத்தார். தன் குடும்பத்தில் பதினாலு பதினைந்து பேரைச் சதாம் கொன்றதாகச் சொன்ன மனிதர் அவர். இப்போது அந்தச் சதுக்கத்தைக் கடக்கும்போது வலிக்கிறது, வெட்கமாக இருக்கிறது, முடிந்தால் சிலையைத் திரும்ப நிறுத்தி வைப்பேன், ஆனால் என்னைக் கொன்றுவிடுவார்கள் என்று பயமாக இருக்கிறது என்றார்.