எழுபது கிலோ இலைக்கு ஒரு டப்பா

எங்கள் வீட்டுத் தொழுவத்தில் ஜெர்சிக் கலப்பு மாடு ஒன்று வேளைக்கு ஆறு லிட்டர் கறந்துகொண்டிருந்த காலத்தில்தான், எங்கள் மகளுக்குப் பசும்பால் ஆகாது என்று டாக்டர் சொன்னார். கோத்தகிரிக்குப் பக்கத்தில் இரண்டு ஏக்கர் தேயிலை, ஒரு மாடு, அம்மா, மனைவி, நான். மாடு அம்மாவுடையது. கறப்பதில் பாதி சொசைட்டிக்குப் போகும், மீதி வீட்டுக்கு. "பால் ஆகாத பிள்ளை உலகத்தில் உண்டா, சாமி?" என்று அம்மா கேட்டதில் கவலையைவிட அவமானம்தான் அதிகம் தெரிந்தது. தன் மாட்டை யாரோ குறை சொல்லிவிட்டது போல.

பாப்பா ஜூன் முதல் வாரத்தில் பிறந்தாள். தாய்ப்பால் மட்டும்தான் குடித்தாள். ஏழாவது வாரத்தில் மலத்தில் சளி தெரிந்தது; பிறகு நூல் நூலாக ரத்தம். கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் தோல் சிவந்து சொரசொரப்பாகிவிட்டது. முதலில் பார்த்த டாக்டர் சீதபேதி என்று மருந்து எழுதினார். அம்மா மாந்தம் என்று வசம்பைச் சுட்டு உரசினார். எதற்கும் ரத்தம் நிற்கவில்லை. செப்டம்பரில் கோயம்புத்தூரில் ஒரு குழந்தை மருத்துவரிடம் போனோம். அவர் பாப்பாவைத் தொடுவதற்கு முன்பே என் மனைவியைப் பார்த்து, "நீங்கள் ஒரு நாளைக்கு எவ்வளவு பால் குடிக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

பிள்ளை பெற்ற மருமகள் என்று அம்மா காலையும் மாலையும் சொம்பு நிறையக் கொடுத்துக்கொண்டிருந்தார். தாய் குடிக்கும் பாலின் புரதத்தில் சிறிதளவு தாய்ப்பாலிலும் கலந்து குழந்தைக்குப் போய்ச் சேரும் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

ரத்தப் பரிசோதனையில் ஒவ்வாமை இல்லை என்றே வந்தது. இது பலரைக் குழப்புகிற இடம். பால் ஒவ்வாமையில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்றில் குடித்த சில நிமிடங்களில், அதிகம் போனால் ஓரிரு மணி நேரத்தில், தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, மூச்சிரைப்பு எல்லாம் வரும். அது பெரும்பாலும் ரத்தப் பரிசோதனையில் தெரியும். இன்னொன்று பல மணி நேரமோ ஓரிரு நாளோ கழித்துக் குடலில் காட்டும். அதற்கு ரத்தத்தில் அடையாளம் இருக்காது. உதடு வீங்கியதா, மூச்சு இழுத்ததா என்று டாக்டர் மூன்று தடவை கேட்டுக்கொண்டார். அப்படி ஏதாவது இருந்திருந்தால் வீட்டில் வைத்து எதையும் முயன்று பார்க்க விட்டிருக்கமாட்டேன் என்றார். எங்களுக்குச் சொன்ன பரிசோதனை மிக எளியது: தாய் தன் சாப்பாட்டில் பாலை அடியோடு நிறுத்துவது, என்ன ஆகிறது என்று பார்ப்பது.

ஐந்தாம் நாள் சளி குறைந்தது. இரண்டு வாரத்தில் ரத்தம் நின்றது. நான்கு வாரம் முடிந்து, அவர் சொன்னபடி மனைவி மறுபடி பால் குடித்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் துணியில் ரத்தம். அதற்குப் பிறகு அம்மா வாதாடவில்லை.

மனைவியின் பாடு தனிக்கதை. தேயிலை விளைகிற ஊரில் பால் இல்லாத டீயைக் கேட்டால் கடைக்காரர் உடம்பு சரியில்லையா என்று விசாரிக்கிறார். தயிர், மோர், நெய், வெண்ணெய் போயின. பிறகு பிஸ்கட், சில ரொட்டி வகைகள், சாக்லேட். நெய்யோ வெண்ணெயோ சேர்க்கவில்லை என்று உறுதியாகத் தெரியாத வர்க்கியும் போயிற்று. பாக்கெட்டைத் திருப்பி அலர்ஜி வரியைப் படிக்காமல் அவள் எதையும் வாயில் வைக்கவில்லை. டாக்டர் கால்சியம் மாத்திரையும் வைட்டமின் டி-யும் எழுதிக் கொடுத்தார்.

ஊரார் யோசனைகளுக்குப் பஞ்சம் இல்லை. ஆட்டுப்பால் கொடு என்றார்கள். எருமைப்பால் கொடு என்றார்கள். கழுதைப்பால் விற்பவர் வந்தால் ஒரு சங்கு வாங்கி ஊற்று என்றார் எதிர்வீட்டுப் பாட்டி. ஆட்டுப்பாலிலும் எருமைப்பாலிலும் உள்ள புரதம் பசும்பாலின் புரதத்துக்கு நெருங்கிய உறவு. பசும்பால் ஆகாத பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு அவையும் ஆகாது. காய்ச்சாத கழுதைப்பாலைக் கைக்குழந்தைக்குக் கொடுப்பதைப் பற்றி டாக்டர் பேசவே விரும்பவில்லை. படித்த உறவினர் ஒருவர் லாக்டோஸ் இல்லாத டப்பா ஒன்றை வாங்கியே வந்துவிட்டார். லாக்டோஸ் என்பது பாலின் சர்க்கரை. பாப்பாவுக்குப் பகை பாலின் புரதம். அந்த டப்பாவில் புரதம் முழுசாக இருந்தது. அவர் மனம் நோகாமல் அதைத் திருப்பிக் கொடுக்க அரை நாள் ஆனது.

இதுவரை வந்ததெல்லாம் சமாளிக்கக்கூடியதுதான். நவம்பர் மூன்றாம் வாரத்தில் மனைவியின் 26 வார விடுப்பு முடிந்தது. அவள் ஆசிரியை. காலை எட்டேகால் முதல் மாலை நாலரை வரை வீட்டில் இருக்கமாட்டாள். பள்ளியில் பால் பிழிந்தெடுக்க ஓர் அறை கேட்டாள், கழிவறையைக் காட்டினார்கள். வீட்டில் அதிகாலையில் பிழிந்து வைப்பது 120 மில்லி. பகலில் பாப்பாவுக்கு மூன்று வேளை வேண்டும். ஆகவே டாக்டர் சிறப்பு டப்பாப் பாலை எழுதினார். அதுவும் பசும்பாலில் இருந்து வருவதுதான். ஆனால் உடம்பு அடையாளம் கண்டு சண்டைக்குப் போக முடியாத அளவுக்குப் புரதத்தைப் பொடிப்பொடியாக உடைத்திருக்கிறார்கள். அதுவும் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளுக்கு, வெறும் அமினோ அமிலங்களால் செய்த இன்னொரு வகை உண்டு. அது இன்னும் விலை. எங்கள் 400 கிராம் டப்பா கோத்தகிரியில் நான் கேட்ட கடைகளில் இல்லை, கோயம்புத்தூரில் இருந்துதான் வர வேண்டும். விலையை நான் இலையில் கணக்குப் போடுவேன். எழுபது கிலோ பச்சை இலைக்கு ஒரு டப்பா.

பகலில் பாப்பா என் பொறுப்பு. முதல் நாள் பாலைக் கலக்கி, பாலாடையில், அதாவது குழந்தைக்குப் பால் புகட்டும் மூக்குக் கிண்ணத்தில் எடுத்து, உதட்டில் வைத்தேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்து நானும் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். முளைவிட்ட உருளைக்கிழங்கைத் தோலோடு வேகவைத்த தண்ணீரில் மாத்திரையைக் கரைத்தது போல இருந்தது. புரதத்தை உடைத்தால் கசப்பு வரும் என்று டாக்டர் பிறகு விளக்கினார். மூன்று, நான்கு மாதத்துக்குள் ஆரம்பித்தால் பல பிள்ளைகள் முணுமுணுக்காமல் குடித்துவிடுமாம். ஐந்தரை மாதத்தில் நாக்குக்கு வயதாகிவிடுகிறது.

அடுத்த பத்து நாட்களை எழுதக் கூச்சமாக இருக்கிறது. பாட்டில் மாற்றினோம், நிப்பிள் மாற்றினோம், சங்கில் கொடுத்தோம், தூக்கத்தில் கொடுத்தோம். ஆலோசனையின் பேரில் ஒரு சொட்டு வனிலா சேர்த்தோம். வனிலாவை அவள் நம்பவில்லை. ஒன்பதாம் நாள் நான் பொறுமை இழந்து, மடியில் இறுக்கிப் பிடித்து, பாலாடையைக் கடைவாயில் வைத்து ஊற்றிவிட்டேன். குடித்ததைவிட அதிகமாக வாந்தி எடுத்தாள். அதன்பிறகு இரண்டு நாள் பாலாடையைக் கண்டாலே, அதில் தாய்ப்பாலே இருந்தாலும், உதட்டை உள்ளே மடித்துக்கொண்டாள். எடை 6.2 கிலோவில் இருந்து 6.1 ஆனது. டாக்டர் என்னைத் திட்டியது நியாயம். புரையேறியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று கேட்டார்.

மூன்று நாள் டப்பாவைத் தொட வேண்டாம் என்றார். அந்த மூன்று நாளும் மனைவி விடுப்பு எடுத்தாள். பாலாடை இனி கசக்காது என்று பாப்பாவுக்கு மறுபடி தெரிய வேண்டும். அவ்வளவுதான் அந்த மூன்று நாளின் வேலை. பிறகு ஒரு நோட்டுப் போட்டேன். 55 மில்லி தாய்ப்பால், 5 மில்லி டப்பாப் பால். இரண்டு நாளுக்கு ஒருமுறை 5 கூட்டி 5 குறைப்பது. பொடியை நேராகத் தாய்ப்பாலில் கொட்டக் கூடாது. டப்பாவில் சொன்ன அளவுத் தண்ணீரில் முதலில் தனியாகக் கலக்கி, அந்தப் பாலைத்தான் சேர்க்க வேண்டும். இந்த உயரத்தில் தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடுகிறது. எனவே தளதளவென்று கொதி வந்த பிறகும் மூன்று நிமிடம் விட்டுத்தான் இறக்குவேன். சூடு 70 டிகிரிக்குக் கீழே போவதற்குள் பொடியைக் கலக்கி, பிறகு பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்து ஆற்றுவேன். மீந்ததை எடுத்து வைக்காமல் கொட்டிவிட வேண்டும். எழுபது கிலோ இலைக் கணக்கு மனதில் ஓடும்போது அதுதான் கடினம்.

ஐந்து ஐந்தாக ஏறி, டிசம்பர் நடுவில் 30-க்கு 30 என்ற இடத்தில் வண்டி நின்றது. அங்கே நாக்குக்குத் தெரிந்துவிட்டது. ஐந்து நாள் நகரவில்லை. அந்தச் சமயம் பார்த்து மழை வலுத்தது. குஞ்சப்பனைப் பக்கம் மண் சரிந்து மேட்டுப்பாளையம் சாலை அடைபட்டது. கையில் கால் டப்பா. மறுநாள் குன்னூர், பர்லியாறு வழியாகச் சுற்றிப் போய் இரண்டு டப்பா வாங்கி வந்தேன். போக வரவே ஒரு பகல் போனது. அன்று இரவு மின்சாரமும் இல்லை. தலைவலியோடு படுத்திருந்த மனைவியை எழுப்ப வேண்டாம் என்று நானே கலக்கி வைத்துவிட்டு மெழுகுவத்தி தேடினேன். கிடைப்பதற்குள் பால் சில்லிட்டுவிட்டது. பாப்பா அழுத அழுகையில் அப்படியே பாலாடையை வைத்தேன். அறுபது மில்லியையும் குடித்துவிட்டு இன்னும் வாயைத் திறந்தாள்.

காரணம் இருட்டா, குளிரா? மறுநாள் இரண்டையும் பிரித்துப் பார்த்தேன். ஜன்னலை அடைத்து வெதுவெதுப்பாகக் கொடுத்தேன், துப்பினாள். வெளிச்சத்தில் ஆறவைத்துக் கொடுத்தேன், குடித்தாள். சூட்டில்தான் அந்த வாடை மேலே எழும்புகிறது. ஆறிவிட்டால் பாதி அடங்கிவிடுகிறது. இவ்வளவு நாளும் புறங்கையில் சொட்டு விட்டுப் பார்த்து, அக்கறையோடு சூடாக்கி, நாங்களே நாற்றத்தைக் கிளப்பிக் கொடுத்திருக்கிறோம்.

கோத்தகிரியின் மார்கழிக் குளிரில் கைக்குழந்தைக்கு ஆறின பால் கொடுப்பதை அம்மா ஒப்புக்கொள்வாரா? "சளி பிடித்தால் உன்னைத்தான் கேட்பேன்" என்று எச்சரித்தார். சளி பிடித்தது, உண்மை. எங்கள் எல்லோருக்கும் பிடித்தது, ஆறின பால் குடிக்காத எனக்குத்தான் முதலில். டாக்டர் அறைச் சூட்டில் கொடுப்பதில் தவறு இல்லை என்று போனில் அம்மாவிடமே சொன்னார். அதற்குப் பிறகும் பாலாடையை எடுத்துத் தன் கைக்குள் ஒரு நிமிடம் பொத்தி வைத்துத்தான் கொடுப்பார்.

ஆனால் மிச்சப் பாதியைக் கடக்க வைத்தது அம்மாதான். ஆறு மாதம் முடிந்ததும் கேழ்வரகை ஊறவைத்து, முளைகட்டி, அரைத்து, வெள்ளைத் துணியில் பிழிந்து கூழ் காய்ச்சினார். அடுப்பில் இருந்து இறக்கி ஆறிய பிறகு அதில் டப்பாப் பாலைக் கலந்தோம். கேழ்வரகின் மண்வாசனைக்கு முன்னால் அந்தக் கசப்பு தலைகாட்டவில்லை. நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, டப்பா எதற்கு என்று அம்மா கேட்டார். ஒரு வயது வரை பால்தான் பிரதானம், கூழ் துணைக்குத்தான் என்று டாக்டர் கண்டிப்பாக இருந்தார். அம்மாவுக்கு அதில் இன்னும் வருத்தம் உண்டு.

ஜனவரியில் இன்னொன்று நடந்தது. அம்மா கடுங்காப்பி குடிக்கும் சின்ன எவர்சில்வர் டம்ளர் மேல் பாப்பாவுக்குக் கண். பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தாள். அதைக் கழுவி, கொதிக்கவைத்து, டப்பாப் பாலை மட்டும் ஊற்றி அம்மா நீட்டினார். பாதி சட்டையில் போனாலும் பாதி உள்ளே போனது. நான் ஐந்து ஐந்தாக ஏற்றிக்கொண்டிருந்த நோட்டில் அந்த வாரம் ஒரே தாவலாக 60-க்கு 0 என்று இருக்கிறது. ஜனவரிக் கடைசியில் எடை 6.9.

பதின்மூன்றாம் மாதம் டாக்டர் சொன்னபடி, பால் சேர்த்துச் சுட்ட பிஸ்கட்டில் ஒரு துணுக்கில் ஆரம்பித்தோம். நெடுநேரம் வெந்த மாவுக்குள் இருக்கும் பால் புரதம் பல பிள்ளைகளுக்கு முதலில் ஒத்துப்போகும். பிறகு கால், அரை, முழு பிஸ்கட். ஏழு வாரம் எடுத்துக்கொண்டோம், ஒன்றும் ஆகவில்லை. அடுத்து ஒரு தேக்கரண்டித் தயிர். இரண்டாம் நாள் முழங்கை மடிப்பு சிவந்து, மலத்தில் சளி திரும்பியது. ஆறு மாதம் பொறுக்கச் சொன்னார். இந்த வகை ஒவ்வாமையில் பெரும்பாலான பிள்ளைகள் மூன்று வயதுக்குள் தேறிவிடுகிறார்கள் என்பதால் டாக்டர் பதற்றப்படவில்லை. எங்களுக்கும் இப்போது பதற்றம் இல்லை.

போன வாரம் மாடு கன்று ஈன்றது. அம்மா சீம்பாலில் வெல்லமும் ஏலக்காயும் போட்டு வேகவைத்தார். மனைவி ஒன்றரை வருடம் கழித்து ஒரு கிண்ணம் சாப்பிட்டாள், கொஞ்சம் குற்ற உணர்ச்சியோடு. பாப்பா கிண்ணத்தை எட்டிப் பார்த்துவிட்டு, தன் டம்ளரைத் தூக்கிக்கொண்டு தொழுவத்துக்குக் கன்றைப் பார்க்க ஓடிவிட்டாள். நோட்டில் அடுத்த வரியை அம்மாவே என்னை எழுதச் சொன்னார்: "பங்குனி. தயிர். கால் தேக்கரண்டி."