இடியட் என்றால் விட்டிருப்பீர்களா மேடம்?

அவன் திட்டியது பிரிண்டரை. மனிதர் யாரையும் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவன் பக்கத்து நியாயம் அதில்தான் தொடங்குகிறது. பிள்ளைகளின் அறிவுத்திறனைச் சோதித்து மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் தரும் இடம் எங்களுடையது. ஒரு சான்றிதழ் பாதி அச்சாகி நின்றுபோனது. “ரிடார்டட் பிரிண்டர்” என்றான். ‘அறிவு வளர்ச்சி குன்றிய’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல். அவன் உளவியலில் எம்.ஃபில். பயிற்சிக்கு வந்த பையன். அடம்பிடிக்கும் பிள்ளைகளிடம்கூடப் பொறுமையாக உட்கார்ந்து டெஸ்ட் எடுப்பவன். அறைக் கதவு திறந்திருந்தது. வெளியே பெஞ்சில் ஓர் அம்மா மகனோடு காத்திருந்தார்.

“அந்த வார்த்தை இங்கே வேண்டாம் தம்பி” என்றேன்.

“சாரி மேடம்” என்றான். பேப்பரை எடுத்துப் போட்டான், மறுபடி அச்சடித்தான். அப்புறம் அவனே கேட்டான்: “இடியட்னு சொல்லியிருந்தா விட்டிருப்பீங்கள்ல? அதுவும் நம்ம ஆளுங்க போட்ட பேர்தானே மேடம்?”

விட்டிருப்பேன். இதுவரைக்கும் எத்தனையோ தடவை விட்டிருக்கிறேன். அதனால்தான் அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

நம்ம ஆளுங்க என்று அவன் சொன்னது உளவியல் துறையை. அதில் தவறே இல்லை. 1905-இல் பாரிஸில் ஆல்ஃபிரட் பினேயும் தியோடர் சிமோனும் படிப்பில் பின்தங்கும் பிள்ளைகளை அடையாளம் காண ஓர் அளவுகோல் செய்தார்கள். அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனவர் ஹென்றி காடார்ட். நியூ ஜெர்சியில் வைன்லாண்ட் என்ற ஊரில் இருந்த பயிற்சிப் பள்ளியில் அவர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். மனவயது, அதாவது எந்த வயதுப் பிள்ளையின் அளவுக்கு அறிவு வளர்ந்திருக்கிறது என்ற கணக்கு, மூன்றுக்குக் கீழே இருந்தால் இடியட், மூன்றிலிருந்து ஏழு வரை இம்பிசைல், எட்டிலிருந்து பன்னிரண்டு வரை மோரான் என்பது அன்றைய வகைப்பாடு. முதல் இரண்டும் முன்பே மருத்துவத்தில் இருந்தவை. மூன்றாவதை 1910-இல் காடார்டே கிரேக்கத்திலிருந்து எடுத்துச் செய்தார். யாரையும் திட்டுவதற்காக அல்ல, கோப்பில் எழுதுவதற்கு ஒரு பெயர் வேண்டும் என்பதற்காக.

கோப்பில் எழுதியது கோப்போடு நிற்கவில்லை. 1927-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வர்ஜீனியாவைச் சேர்ந்த கேரி பக் என்ற இளம்பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று தீர்ப்பளித்தது. மூன்று தலைமுறை இம்பிசைல்கள் போதும் என்று நீதிபதி ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் அதில் எழுதினார். மூன்றாம் தலைமுறை என்று அவர் கணக்கில் சேர்த்தது கேரியின் கைக்குழந்தையை. அந்தக் குழந்தை பிறகு பள்ளியில் நன்றாகவே படித்து, எட்டு வயதில் நோயில் இறந்துபோனது. இதை வகுப்பில் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம் வரும். ஒரு சமூகப் பணியாளர் குழந்தையைப் பார்த்துச் சொன்ன கருத்து, ஒரு சோதனைத்தாள், ஒரு சொல். அவ்வளவுதான் ஆதாரம்.

இந்தச் சொற்கள் கறைபட்டுப்போன பிறகு மரியாதையான மாற்றாகப் பரவியதுதான் ‘மென்டல் ரிடார்டேஷன்’. லத்தீனில் மெதுவாக்குதல் என்று பொருள். வளர்ச்சி மெதுவாக இருக்கிறது என்று மட்டும் சொல்கிற சொல். இந்தத் துறையின் அமெரிக்க அமைப்பு 1876-இல் தொடங்கியபோது அதன் பெயரிலேயே ‘இடியாடிக்’ இருந்தது. 1987-இல் ‘மென்டல் ரிடார்டேஷன்’ அதன் பெயருக்குள் வந்தது, 2007-இல் வெளியேறியது. அதற்குள் அங்கே பள்ளி மைதானங்களில் அது கெட்ட வார்த்தையாகியிருந்தது. 2010-இல் ரோசாவின் சட்டம் என்ற பெயரில் மத்திய சட்டங்களிலிருந்தும் அதை நீக்கினார்கள். இங்கே நமது 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் அந்தச் சொல் இருந்தது; 2016 சட்டத்தில் அறிவுசார் குறைபாடு என்று மாறியது. ஆனால் பெற்றோருக்குப் பிறகு பிள்ளைக்குக் காப்பாளர் வேண்டுமென்றால் 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கச் சொல்கிறோம் இல்லையா, அந்தச் சட்டத்தின் முழுப் பெயரிலேயே பழைய சொல் இருக்கிறது.

அந்தச் சொல்லை நானும் என் கையால் எழுதியிருக்கிறேன், பல வருடம். மைல்டு, மாடரேட், சிவியர், புரஃபவுண்ட் என்று லேசானது முதல் மிகக் கடுமையானது வரை நான்கு நிலைகள். அன்று சட்டத்தில் இருந்த சொல் அது. அதை எழுதாமல் உதவித்தொகையும் இல்லை, பஸ் பாஸும் இல்லை. எழுதியது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் பையனை நான் நிறுத்திய வேகத்தில், வெளியே இருந்த அம்மாவுக்காக எவ்வளவு, என் கையெழுத்துக்காக எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால் கணக்கு எனக்குச் சாதகமாக வரவில்லை.

அந்த அம்மா காதில் விழுந்ததா என்பதே தெரியாது. விழுந்திருந்தாலும் அது அவருக்குத் தெரிந்த திட்டு இல்லை. பிறகு உள்ளே வந்தபோது பையன் அவரிடம் முடிவை விளக்கினான். “அறிவுசார் குறைபாடும்மா” என்றான். அவர் விழித்தார். “ஸ்கூல்ல டீச்சர் எம்.ஆர்.னு சொன்னாங்களே சார், அது இல்லையா?” என்று கேட்டார். “அதேதாம்மா” என்றான். மென்டல் ரிடார்டேஷனின் சுருக்கம்தான் எம்.ஆர். அவருக்கு முகம் தெளிந்தது. தெருவில் பிள்ளையை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று நான் கேட்டேன். “லூசுங்கறாங்க, மெண்டலுங்கறாங்க” என்றார். “அதுக்குத்தான் வெளிய அனுப்புறதே இல்லைங்க.”

இதைக் கவனியுங்கள். ‘மென்டல் ரிடார்டேஷன்’ என்ற அதே இரண்டு சொற்களில் ஆங்கிலம் பேசும் பிள்ளைகள் பின்பாதியைத் திட்டாக்கினார்கள். நம்மிடம் முன்பாதி ‘மெண்டல்’ என்று எப்போதோ திட்டாகிவிட்டது. கீழ்ப்பாக்கம் என்றால் போதும், வேறு எந்தச் சொல்லும் வேண்டாம். 1794-இல் தொடங்கிய ஒரு மனநல மருத்துவமனை அங்கே இருக்கிறது என்பதற்காக ஓர் ஊரின் பெயரையே ஏச்சாக்கிய மொழி நம்முடையது. அப்படியானால் சொல்லை மாற்றி என்ன பயன் என்று பையன் கேட்டால், கேட்பான், என்ன சொல்வது?

நான் யோசித்து வைத்திருக்கும் பதில் இது. இடியட் என்று கோப்பில் எழுதப்பட்டவர்கள் இன்று அநேகமாக உயிரோடு இல்லை. ரிடார்டேஷன் என்று எழுதப்பட்டவர்கள் நம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தத் தாளை லேமினேட் செய்து பையில் வைத்திருக்கிறார்கள். காயம் யார் உடம்பில் இருக்கிறதோ அவர்கள் இருக்கும்வரை அந்தச் சொல்லைத் தொடக்கூடாது. இப்படிச் சொன்னால் சரியாகத்தான் தோன்றுகிறது. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால், அவர்கள் எல்லோரும் இறந்தபிறகு பிரிண்டரைத் தாராளமாகத் திட்டலாம் என்றல்லவா ஆகிறது? கேரி பக் இறந்துவிட்டதால் இம்பிசைல் சுத்தமாகிவிட்டதா? அதை யாராவது என் முன்னால் சொன்னால் எனக்கு இன்னமும் அந்தத் தீர்ப்புதான் நினைவுக்கு வருகிறது. இடியட் என்றால் வருவதில்லை. ஏன் என்று எனக்கே விளங்கவில்லை.

சான்றிதழுக்காக நாம் தினமும் எடுக்கும் சமூக முதிர்ச்சி அளவுகோலின் பெயர் வைன்லாண்ட். அதே ஊர், அதே பள்ளி. 1935-இல் எட்கர் டால் அங்கே உருவாக்கியதை மாலின் நாக்பூரில் இந்தியச் சூழலுக்கு மாற்றித் தந்தார். பயனுள்ள கருவி, பிள்ளை தானே சாப்பிடுகிறதா, கடைக்குப் போய் வருகிறதா என்று வாழ்க்கையைக் கேட்கிறது. மோரான் பிறந்த இடத்தின் பெயரை ஒவ்வொரு அறிக்கையிலும் நாம் எழுதுகிறோம், யாருக்கும் உறுத்துவதில்லை. உறுத்த வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை.

சில வாரங்களுக்கு முன் எங்கள் சிறப்பாசிரியர் உள்ளே எட்டிப் பார்த்து, “மேடம், இன்னைக்கு மூணு ஐ.டி. வந்திருக்கு” என்றார். அறிவுசார் குறைபாடு என்பதன் ஆங்கிலப் பெயரான இன்டலெக்சுவல் டிசெபிலிட்டியின் சுருக்கம் அது. இந்தப் பிள்ளைகளுக்காகவே வாழ்கிறவர், அவர் குரலில் துளி இளக்காரம் கிடையாது. எம்.ஆர். என்பதும் இப்படித்தான், அன்பானவர்கள் வாயில், வேலை அவசரத்தில் சுருங்கியது. நான் எதுவும் சொல்லவில்லை, டோக்கனை வாங்கிக்கொண்டேன். பையன் பக்கத்தில்தான் இருந்தான். அவன் பயிற்சி முடிந்து போவதற்குள் இதைப் பற்றியும் அவனோடு உட்கார்ந்து பேச வேண்டும்.